கையைக் கேட்டுப் பிடிப்பது ஆபாசமா?

போன மாதம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. தண்ணீர் லாரி வரும் நேரம், இரண்டாவது லிஃப்ட் பழுது, இவற்றுக்கு நடுவே நான்கு வரி. சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடந்துவந்த ஜோடி நடன வகுப்புக்கு இனி அனுமதி இல்லையாம். நமது கலாச்சாரத்துக்கும் குடியிருப்பின் மாண்புக்கும் அது பொருந்தவில்லையாம். கீழே பதினேழு பேர் கைகூப்பிய படம் போட்டு வரவேற்றிருந்தார்கள்.

அந்த வகுப்புக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன். எனக்கு வயது 74, என் மனைவிக்கு 70. மொத்தம் பதினொரு பேர். ஏழு பெண்கள், நான்கு ஆண்கள். எங்களில் இளையவருக்கு 61. சொல்லித் தருபவர் இதே குடியிருப்பில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்திய ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூப்பிட்ட மாதிரியே நாங்களும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறோம். கட்டணம் கிடையாது. மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்து, நாற்காலிகளைப் பழையபடி போட்டுவிட்டு, கூடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் கிளம்புவோம்.

பொதுக்குழுவில் பேச எழுந்தேன். இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். ரயில்வே கணக்குப் பிரிவில் 39 வருடம் குப்பை கொட்டியவன் நான். இரண்டு நிமிடத்தில் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு பெரியவர் நடுவில் எழுந்து, "இந்த வயசுல கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடணுமா சார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த நடனம் எனக்கு எங்கிருந்து தெரியும் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெரம்பூர். அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அந்த நாளில் பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஏராளம். டிரைவர், கார்டு, ஃபோர்மேன் என்று ரயிலை ஓட்டியதில் பாதிப் பேர் அவர்கள்தான். ரயில்வே குடியிருப்பு என்றால் ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கும். அதில் பில்லியர்ட்ஸ் மேசை, சீட்டாட்டம், நூலகம், நடுவில் நடனக் கூடம். கூடத்துக்கு மரத்தரை. நடனம் இருக்கிற நாளில் தரையில் பவுடர் தூவித் தேய்ப்பார்கள், செருப்பு வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதற்காக.

1965 டிசம்பரில், பதினாலு வயதில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக அதைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்துப் போனது வேறு. பையன்கள் சொல்லியிருந்த கதைகள் வேறு. பார்த்தது இதுதான்: சுவரோரம் நாற்காலிகள் வரிசையாக. அதில் பாட்டிகள், அத்தைகள், பால் குடிக்கும் குழந்தையோடு ஒரு தாய். எங்கள் எதிர்வீட்டு டிரைவர் அங்கிள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நிலக்கரி ஏறிய அவர் நகங்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அன்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். ஒரு குண்டு ஆன்ட்டியின் முன்னால் போய் நின்று, லேசாகக் குனிந்து, கையை நீட்டினார். ஆன்ட்டி அந்தக் கையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைக் கொடுத்தார். பாட்டு முடிந்ததும் அங்கிள் அவரை நட்டநடுவில் விட்டுவிட்டு வரவில்லை. நாற்காலி வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைத்து, நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த பாட்டுக்கு அவர் தன் பேத்தியோடு ஆடினார். அதற்கடுத்து 'பால் ஜோன்ஸ்' என்று ஒன்று. பெண்கள் உள்வட்டம், ஆண்கள் வெளிவட்டம், எதிரெதிர்த் திசையில் சுற்றுவார்கள். இசை நிற்கும்போது எதிரில் யார் நிற்கிறாரோ அவரோடு ஆட வேண்டும். ஃபோர்மேனுக்கு எதிரில் கிளீனரின் மனைவி நிற்கலாம். இருபது வயதுப் பையனுக்கு எதிரில் அறுபது வயது நர்ஸ் நிற்கலாம். யாரும் முகம் சுளிக்கக் கூடாது. ஊரில் புதிதாக வந்தவர்கள், கூச்ச சுபாவக்காரர்கள், யாரும் கூப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள், எல்லோரையும் கூட்டத்துக்குள் இழுத்துப் போடுவதற்கென்றே வைத்திருந்த ஏற்பாடு அது.

அதற்குள் அம்மா வந்து காதைப் பிடித்தாள். "சட்டைக்காரங்க கூத்தை என்னடா பாக்கறே?"

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சினிமா காட்டியதுதான். அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் ஆணும் பெண்ணும் கைபிடித்து ஆடினால் அது வில்லனின் இடம். பின்னால் பாட்டில்கள், சிகரெட் புகை, கடத்தல் தங்கம். ஆடும் பெண்ணுக்கு ரீட்டா, ஸ்டெல்லா என்று ஏதோ ஒரு பெயர். அதற்குக் 'கிளப் டான்ஸ்' என்று நாம் பெயர் வைத்தோம். அரைகுறை உடையில் மேடையில் ஒருத்தி ஆட, ஆண்கள் உட்கார்ந்து பார்ப்பது அது. பாட்டியும் பேத்தியும் ஒரே கூடத்தில் ஆடும் குடும்ப நடனத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, நம் ரயிலை ஓட்டிய ஒரு சமூகத்தின் பெண்களை முப்பது வருடம் கேலிப்பொருளாக்கினோம். அவர்களும் சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போய்விட்டார்கள். எதிர்வீட்டு அங்கிள் குடும்பமும் போயிற்று. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கு இருந்த நியமன இடங்களும் 2020 ஜனவரிக்குப் பிறகு நீட்டிக்கப்படவில்லை. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு வார்த்தை பேசினோம்?

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. 1977இல் எனக்குக் கல்யாணம். அந்த வருடம் டிசம்பர் 31 இரவு நடனத்துக்கு என்னோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய நண்பர் எங்கள் இருவரையும் அழைத்தார். 'சும்மா வந்து உட்காருங்கள், ஆட வேண்டாம், கேக் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்றார். என் மனைவி மயில்கழுத்துப் பட்டுப்புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். நான் வீட்டுக்கு வந்து, "நம்ம குடும்பத்துக்கு அதெல்லாம் ஒத்து வராது" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. புடவையை மடித்துப் பீரோவில் வைத்தாள். நான் அதை அன்றே மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை என்பது எனக்கு நாற்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஆகவே, பொதுக்குழுவில் சிரித்தவர்கள் மீது எனக்குக் கோபம் இருந்தாலும், அவர்களை எனக்குப் புரியாமல் இல்லை. நானே அவர்களில் ஒருவனாகத்தான் இருந்தேன்.

இப்போது அவர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் காரணம் ஆபாசம். ஆணும் பெண்ணும் தொட்டு ஆடுவது ஆபாசம் என்கிறார்கள்.

ஐயா, நம் ஊரில் கூட்டமான பஸ்ஸில் ஏறிய பெண் எவளிடமாவது கேட்டுப் பாருங்கள். எத்தனை கைகள் கேட்காமலே அவள்மேல் பட்டிருக்கின்றன என்று சொல்வாள். கோயில் திருவிழா நெரிசலில் கேளுங்கள். அதையெல்லாம் 'கூட்டம்னா அப்படித்தான்' என்று நாம் விட்டுவிடுகிறோம். ஊக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லி மகளுக்கு அறிவுரை சொல்கிறோம். ஆனால் ஒருவர் எதிரில் வந்து நின்று, குனிந்து, கையை நீட்டி, 'ஆடலாமா?' என்று கேட்டு, அவள் சரி என்றால் மட்டும் விரலைப் பிடித்தால், அது ஆபாசமாகிவிடுகிறது! கேட்காமல் தொடுவதைச் சகித்துக்கொண்டு, கேட்டுத் தொடுவதைத் தடை செய்கிற மாண்பு என்ன மாண்பு?

மிஸ் எங்களுக்கு முதல் வகுப்பில் கால் எடுத்து வைக்கக்கூடச் சொல்லித் தரவில்லை. கேட்பதற்கும் மறுப்பதற்கும் சொல்லித் தந்தார். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மறுக்கப்பட்டவர் ஏன் என்று கேட்கக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆணின் வலது கை பெண்ணின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே, முதுகில். அதற்குக் கீழே இறங்கக் கூடாது. விரல்களால் இறுக்கக் கூடாது, உள்ளங்கை சும்மா ஒரு தாங்கல். வழிகாட்டுவது கைவலிமையால் இல்லை, உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதைப் பார்த்து அடுத்தவர் புரிந்துகொள்வதால். "தள்ளாதீங்க சார், சொல்லுங்க. அவங்க கேப்பாங்க" என்பார். நாற்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்திய எனக்கு இந்த ஒரு வாக்கியத்தை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

போன மாதத்துக்கு முந்தின மாதம் இதே கூடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு நடந்தது. டிஜே வைத்தார்கள். ராத்திரி பத்தரை வரை ஜன்னல் அதிர்ந்தது. பத்து வயதுப் பெண் குழந்தைகளை மேடையேற்றி, பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் வரிகளுக்கு இடுப்பை ஆட்டச் சொன்னார்கள். எல்லோரும் செல்போனில் படம் எடுத்தார்கள். இன்று மாண்பு பேசுகிற அதே கமிட்டிக்காரர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். அது நம் கலாச்சாரம். எழுபது வயதில் ஒருவர் தன் மனைவியின் கையைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் மட்டும் அந்நியக் கலாச்சாரம்.

இரண்டாவது காரணம் அதுதானே, கலாச்சாரம்?

சங்க காலத்தில் வால்ட்ஸ் இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிற கோஷ்டியில் நான் இல்லை. ஆனால் குரவைக்கூத்து என்பது கைகோத்து ஆடுவது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் அப்படித்தான் ஆடுகிறார்கள். குறுந்தொகையில் ஆதிமந்தி காதலனைத் தேடி அலைகிறாள். விழாக் கூட்டத்தில் தேடுகிறாள், பெண்கள் தழுவி ஆடும் துணங்கையில் தேடுகிறாள். தேடுகிற அவளும் ஆடுகிறவள், காணாமல் போனவனும் ஆடுகிறவன். அந்தப் பாட்டில் வெட்கம் எதுவும் இல்லை. வெட்கம் எல்லாம் நமக்குப் பின்னால் வந்தது.

வெளியூர்ச் சரக்கு என்பது குற்றமென்றால் கச்சேரியில் வயலினை முதலில் கீழே வைக்க வேண்டும். அதை ஐரோப்பியரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று பாலுஸ்வாமி தீட்சிதரைச் சொல்வார்கள். அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளை எடுத்து சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பாட்டு வகுப்பில் குழந்தைகள் பாடுகின்றன. அதில் ஒன்று இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டு. மூன்று எண்ணிக்கையில் நடக்கும் மெட்டு அது. வால்ட்ஸுக்கும் அதே மூன்றுதான். தீட்சிதருக்கு ஆகாமல் போகாதது நம் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆகாமல் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வால்ட்ஸை முதலில் ஆபாசம் என்று திட்டியவர்கள் நாம் இல்லை. அந்தப் பெருமையும் நமக்குக் கிடையாது. 1816இல் லண்டனில் இளவரசர் கொடுத்த விருந்தில் வால்ட்ஸ் ஆடினார்கள் என்று தெரிந்ததும், 'டைம்ஸ்' பத்திரிகை மானம் போயிற்று, குடும்பப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்கிற தோரணையில் கொதித்து எழுதியது. அடுத்த தலைமுறையிலேயே விக்டோரியா ராணி வால்ட்ஸ் ஆடினார். சீனாவில் கலாச்சாரப் புரட்சியின்போது ஜோடி நடனத்துக்கு இடமே இல்லை. இன்று அங்கே ஊர் ஊராகப் பூங்காக்களில் ஓய்வு பெற்றவர்கள் காலையும் மாலையும் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள். அவர்கள் நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

இனி என் மனைவியைப் பற்றி. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க, ஆனா அழுமூஞ்சி மாதிரி எழுதாதீங்க" என்றாள்.

2019இல் அவளுக்குப் பார்க்கின்சன்ஸ் என்று தெரிந்தது. கை நடுக்கம் கூடப் பரவாயில்லை. நடந்து வருவாள், திடீரென்று நின்றுவிடுவாள். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. முக்கியமாக வாசற்படியில். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் நிலைப்படியில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அப்படியே நிற்பாள். பின்னால் நின்று தள்ளினால் விழுந்துவிடுவாள். பிசியோதெரபிஸ்ட் தரையில் கோடு கோடாக டேப் ஒட்டச் சொன்னார். அது கொஞ்சம் உதவியது.

மிஸ் ஒருநாள் லிஃப்ட் வாசலில் அவள் அப்படி நிற்பதைப் பார்த்தார். எதிரில் வந்து இரண்டு கையையும் நீட்டினார். "ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ" என்று மெல்லச் சொன்னார். என் மனைவி அவரைப் பார்த்து, "இது தகிட தானே?" என்றாள். சின்ன வயதில் கிராமத்தில் கோலாட்டம் ஆடியவள் அவள். பின்னல் கோலாட்டத்தில் கயிறு பின்னி, அதே கயிற்றைத் தப்பில்லாமல் பிரிக்கத் தெரிந்தவள். தகிட, தகிட என்று சொல்லிக்கொண்டே லிஃப்டுக்குள் போய்விட்டாள். நான் பையை வைத்துக்கொண்டு வெளியே நின்றேன்.

அப்படித்தான் நாங்கள் வகுப்பில் சேர்ந்தோம். முதல் நாள் அவள் பீரோவிலிருந்து மயில்கழுத்துப் பட்டுப்புடவையை எடுத்தாள். "இதை 77ல இஸ்திரி போட்டது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதைக் கேள்விப்பட்டதும் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், என்மேல் மரியாதை உள்ளவர். ஒரு யோசனை சொன்னார். "சார், டாக்டர் கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. 'முதியோர் உடற்பயிற்சி சிகிச்சை'ன்னு பேர் மாத்திடுவோம். கமிட்டியில் யாரும் மறுக்க மாட்டாங்க."

சிகிச்சை என்று வாதாட எனக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2003இல் ஒரு பெரிய அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு இருக்கிறது. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். நீச்சல், சைக்கிள், நடை, வீட்டு வேலை என்று பார்த்ததில், மறதி நோய் குறைவாக இருந்ததோடு சேர்ந்து வந்த ஒரே உடலுழைப்பு நடனம். செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2007இலிருந்து பார்க்கின்சன்ஸ் நோயாளிகளுக்கு டாங்கோவும் வால்ட்ஸும் சொல்லிக் கொடுத்துப் பார்த்ததில் உடலின் சமநிலை மேம்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் நண்பர்களே, இதை எடுத்து 'நடனமாடினால் மறதி வராது' என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். மறதி வராதவர்களால்தான் தொடர்ந்து ஆட முடிந்ததோ என்னவோ, அந்த ஆய்வு மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. பார்க்கின்சன்ஸ் ஆய்வுகளில் இருந்ததும் சிறு சிறு குழுக்கள்தான். நோய் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. என் மனைவிக்கும் போகவில்லை.

ஆனாலும் செயலாளர் சொன்ன யோசனை எனக்குச் சுலபமாகப் பட்டது. ஒரு கடிதம்தானே, வாங்கிக் கொடுத்துவிட்டால் கூடம் திரும்பக் கிடைத்துவிடுமே என்று நினைத்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் கொடுத்தாள். "ஏங்க, ஒரு நாளைக்கு அஞ்சு வேளை மாத்திரை சாப்பிடறேன். இது ஆறாவது மாத்திரையா வேண்டாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் வயதானவர்கள் வீட்டை விட்டு வெளியே வர அனுமதிச் சீட்டு இரண்டுதான். ஒன்று கோயில், இன்னொன்று ஆஸ்பத்திரி. பக்தி என்றால் விடுவார்கள், வைத்தியம் என்றால் விடுவார்கள். சந்தோஷம் என்று சொன்னால் 'இந்த வயசுலயா?' என்பார்கள். இருபது வயதுக்காரன் ஆட டாக்டர் கடிதம் யாராவது கேட்கிறார்களா? எழுபது வயதுக்காரி மட்டும் தன் சந்தோஷத்தை நோய் என்று எழுதிக் கொடுத்தால்தான் கூடத்தின் சாவி கிடைக்குமா? கடிதம் தர முடியாது என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் வகுப்பில் ஒரு அம்மா இருக்கிறார். 68 வயது. கணவர் போய் எட்டு வருடம். இரண்டு பிள்ளைகளும் வெளிநாட்டில். எங்களில் ஆண்கள் குறைவு என்பதால் பெண்கள் பெண்களோடும் ஆடுவார்கள். முதல் நாள் என் மனைவி அவர் கையைப் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா சொன்னார்: "ரத்தம் எடுக்க வர்ற பொண்ணைத் தவிர எட்டு வருஷமா என் கையை யாரும் பிடிக்கலைங்க." யாரும் பதில் சொல்லவில்லை. மிஸ் அடுத்த பாட்டைப் போட்டார்.

கட்டிப் பிடித்து ஆட வேண்டுமா என்று கேட்ட பெரியவருக்கு என் பதில் இதுதான். ஆமாம் ஐயா, இந்த வயதில்தான் வேண்டும். சின்ன வயதில் அம்மா தொட்டாள், கல்யாணத்துக்குப் பிறகு மனைவி, பிறகு தோளில் ஏறிய குழந்தைகள். அறுபதுக்கு மேல் ஒவ்வொரு கையாகக் குறைந்துகொண்டே வருகிறது. பேரப்பிள்ளைகள்கூடச் செல்போன் திரையில்தான். குரலுக்கு வீடியோ கால் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் கேட்டரிங் இருக்கிறது. ஒரு மனிதக் கை வேண்டுமென்றால் எங்கே போவது?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். விழுந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயம். ரப்பர் செருப்பு தரையைப் பற்றிக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். எங்களில் ஒருவருக்கு அப்படி ஆகி மூன்று வாரம் வரவில்லை. இப்போது தோல் அடிப்பாகச் செருப்புத்தான், சுவரோரம் நாற்காலி, தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். கெட்ட எண்ணத்தோடு வரும் ஆண்கள் இருப்பார்கள் என்பதும் நியாயம். எந்தக் கூட்டத்தில் இல்லை? அப்படி ஒருவர் வந்தார், கை முதுகிலிருந்து கீழே நகர்ந்தது. மிஸ் பாட்டை நிறுத்தி, எல்லோர் முன்னாலும், "சார், நீங்க போகலாம்" என்றார். போய்விட்டார். அவ்வளவு வெளிச்சத்தில், அத்தனை பேர் பார்க்க நடப்பதால்தான் அதைச் செய்ய முடிந்தது. ஆண்தான் வழிநடத்த வேண்டும் என்ற விதியும் எனக்கு முழுச் சம்மதமில்லை. அதை மிஸ்ஸே மாற்றி மாற்றி ஆடச் சொல்கிறார். என் மனைவி வழிநடத்தும்போது நான் இரண்டு முறை அவள் காலை மிதித்தேன். அவள் நடத்தும்போது யார் காலும் மிதிபடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன், அந்த இரண்டைத் தவிர.

இன்னொரு தமாஷ். நடனக் கூடத்தில் ஜோடிகள் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், கடிகாரத்துக்கு எதிர்த்திசை. கோயிலில் நாம் வலம் வருவதற்கு நேர் மாறு. முதல் இரண்டு வாரம் பழக்க தோஷத்தில் நான் வலமாகவே சுற்றி எதிரே வந்தவர்களை எல்லாம் இடித்தேன். "சார், அவசரப்படாதீங்க, சாமி எங்கேயும் போயிடாது" என்றார் மிஸ். கமிட்டிக்கு இது கலாச்சார விரோதத்துக்குச் சாட்சியாகப் பயன்படலாம், எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போதைக்கு மிஸ் வீட்டு ஹாலில் சோபாவை நகர்த்திவிட்டு ஆடுகிறோம். இரண்டு ஜோடிக்கு மேல் நிற்க முடியாது. மற்றவர்கள் சமையலறை வாசலில் நின்று முறைக்குக் காத்திருக்கிறார்கள். வட்டமாகச் சுற்ற இடமில்லாததால் நின்ற இடத்திலேயே ஆட வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கு அது கஷ்டம். அவளுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் கால் ஒட்டிக்கொள்ளும். போன சனிக்கிழமை அந்த அறையில் இரண்டு முறை நின்றுவிட்டாள்.

அடுத்த பொதுக்குழு மார்ச் மாதம். கூடத்தைத் திரும்பக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். பதினொரு கையெழுத்து, என் மனைவியின் கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும். அதில் சிகிச்சை என்ற வார்த்தை இல்லை. ஜோடி நடனம் என்றே எழுதியிருக்கிறோம். சிரித்த பெரியவருக்கும், கைகூப்பிய பதினேழு பேருக்கும் ஒரு வேண்டுகோள். வாக்களிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு வந்து பாருங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டாம். உள்ளேயே நாற்காலி போடுகிறோம். யாராவது உங்கள் முன்னால் வந்து கையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இதைப் படிக்கும் நண்பர்களில் பெரம்பூர், ஜோலார்பேட்டை, பொன்மலை, அரக்கோணம் பக்கத்து ரயில்வேக்காரர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊர் இன்ஸ்டிட்யூட்டின் மரத்தரையைப் பார்த்த ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் முக்கியமாக எழுதுங்கள். நாம்தான் நிறையப் பேர் இருப்போம்.